லேத்துக்கு ஹால் சென்சார் ஆகாதா? மோட்டார் போட்டதும் எண்ணிக்கை எகிறுகிறது

கப்பலூர்_லேத் | 4 மார்ச் 2025, இரவு 9.12
லேத் ஸ்பிண்டில் வேகம் காட்ட ஏ3144 ஹால் சென்சார் (காந்தம் எதிரே வந்தால் உணர்வது), 8×3 மி.மீ. நியோடிமியம் வட்டக் காந்தம் ஒன்று, எண்ணுவதற்கு ஆர்டுயினோ போர்டு. வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கினைக் கையால் சுற்றினால் சுற்றுக்கு ஒரு எண், பிசகே இல்லை. மோட்டாரைப் போட்டால் நிமிடத்துக்கு 420 சுற்று காட்டவேண்டிய இடத்தில் 700, 1100 என்று ஓடுகிறது. மோட்டாரின் சுவிட்சான கான்டாக்டர் விழும் நொடியில் தனியாகக் கொஞ்சம் கூடுகிறது. சென்சாரை மாற்றியாச்சு, அப்படியேதான். என் முடிவு: ஹால் சென்சார் பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்குத்தான், பட்டறைக்கு இண்டக்டிவ் பிராக்ஸிமிட்டி (உலோகம் அருகே வந்தாலே உணரும் சென்சார்) தான். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்க.

பேனல்_வயரிங் | 4 மார்ச், 10.05
கையால் சுற்றும்போது சரியாக எண்ணினால் காந்தமும் சென்சாரும் சரி. மோட்டார் ஓடும்போது கூடுதலாக வருவது காந்தம் கொடுக்கிற எண் இல்லை, வயர் கொடுக்கிற எண். புல்அப் ரெசிஸ்டர் எத்தனை ஓம், எந்த முனையில்? வயர் எத்தனை மீட்டர்? மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் போகுதா?

கப்பலூர்_லேத் | 4 மார்ச், 10.21
ரெசிஸ்டர் தனியாகப் போடலை, ஆர்டுயினோவுக்குள் இருக்கிறதுதான். வயர் மூணு மீட்டர், ரிப்பன் வயர். ஆமா, ஒரே ஃப்ளெக்ஸிபிள் பைப்.

பேனல்_வயரிங் | 4 மார்ச், 11.02
மூணுமே தப்பான இடம். வரிசையாகச் சொல்கிறேன்.

3144-க்குள் இருப்பது ஓப்பன் கலெக்டர். காந்தம் எதிரே வந்தால் அவுட்புட்டைத் தரைக்கு இழுக்கும். காந்தம் போனதும் கையை விட்டுவிடும், மேலே தூக்காது. மேலே தூக்குவது புல்அப் ரெசிஸ்டரின் வேலை. ஆர்டுயினோவுக்குள் இருப்பது 20 முதல் 50 கிலோஓம். மேசை மேல் பத்து சென்டிமீட்டர் வயருக்கு அது போதும். மோட்டார் கேபிளை ஒட்டி மூணு மீட்டர் ஓடும் வயரை அவ்வளவு பலவீனமான ரெசிஸ்டரால் பிடித்து நிறுத்த முடியாது. கான்டாக்டர் விழும்போது வரும் ஒவ்வொரு ஸ்பைக்கும் ஒரு சுற்றாகக் கணக்கில் ஏறும்.

செய்ய வேண்டியது: ஆர்டுயினோ முனையில் 5 வோல்ட்டுக்கு 1 கிலோஓம் புல்அப். அப்போது 5 மில்லிஆம்பியர்தான் ஓடும். 3144 25 வரை தாங்கும். சென்சார் காலடியிலேயே சப்ளைக்கும் தரைக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர். அதைப் பேனலில் வைத்துப் பிரயோசனம் இல்லை, சென்சார் காலிலேயே சால்டர் வைக்கணும். ஆர்டுயினோ பின்னுக்கு முன்னால் இன்னொரு 1 கிலோஓம் வரிசையில், பின்னிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபேரட். இது 0.1 மில்லிசெகண்ட் வடிகட்டி. மூணு கம்பி ஷீல்டு கேபிள், ஷீல்டு பேனல் முனையில் மட்டும் தரைக்கு. பைப் தனி, மோட்டார் கேபிளைக் கடக்க வேண்டியிருந்தால் குறுக்கே நேர்கோணத்தில் கடக்கட்டும்.

வடிகட்டி நிஜ பல்ஸைத் தின்றுவிடாதா என்று கேட்பீங்க. காந்தம் அச்சிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருந்தால் 420 சுற்றில் அது நொடிக்கு 2.2 மீட்டர் போகும். 8 மி.மீ. காந்தம் சென்சாரைக் கடக்க 3.6 மில்லிசெகண்ட். 0.1-ஐப் போல முப்பத்தாறு மடங்கு, தாராளம். புரோகிராமிலும் ஒரு பல்ஸ் வந்தபின் 5 மில்லிசெகண்டுக்கு அடுத்ததைக் கணக்கில் எடுக்காதீங்க. 3,000 சுற்றிலும் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகுமே.

பேனல்_வயரிங் | 5 மார்ச், காலை 7.30
விட்டுப்போனது: சென்சாருக்கு 5 வோல்ட்தான் கொடுக்கணும் என்று கட்டாயம் இல்லை. 3144 4.5 முதல் 24 வரை வாங்கும். பேனலில் 12 இருந்தால் அதையே கொடுங்க, புல்அப் மட்டும் 5-க்குப் போகட்டும். புல்அப்பை மறந்தும் 12-க்குக் கட்டிடாதீங்க, ஆர்டுயினோ பின் போய்விடும்.

ரிங்ஃபிரேம் | 5 மார்ச், மதியம் 1.15
மில் பராமரிப்பில் இருக்கிறவன் சொல்றேன். பேனல்காரர் சொன்ன வயரிங் அத்தனையும் சரி, ஆனா பிராக்ஸிமிட்டியை ஒரேயடியாத் தள்ள வேண்டாம். லேத் ஸ்பிண்டில்ல ஏற்கெனவே போல்ட் தலை, கீவே ஏதாவது சுத்துது. எம்12 ஷீல்டடு பிராக்ஸிமிட்டி 2 மி.மீ. தூரம் பார்க்கும், நொடிக்குச் சில நூறு எண் தாராளமா எண்ணும். 420 சுத்துங்கிறது நொடிக்கு ஏழு. காந்தம் ஒட்டுற வேலையே இல்லை. 24 வோல்ட், வெளியே இரும்பு உடம்பு, கேபிளோடயே வருது. அலுமினியத்தைப் பார்க்கணும்னா தூரம் பாதிக்கும் கீழே போயிரும், அது ஒண்ணுதான் கவனம்.

காந்தம் ஜெயிக்கிற இடம் வேற. நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்ல ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 18,000 சுத்து, நொடிக்கு 300. ரிங்குல ஓடுற டிராவலர் சின்ன எஃகுத் துண்டு. ரிங் ரெயில்ல காந்தத்தோட சேர்ந்த சென்சாரை வச்சா, டிராவலர் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் புலம் அசையும். நூல் அறுந்தா டிராவலர் நிக்கும், பல்ஸ் நிக்கும். வெளிச்சத்தை வச்சுப் பார்க்கிற சென்சார் மேல பஞ்சு படிஞ்சா குருடாயிரும், காந்தத்துக்குப் பஞ்சு கண்ணுலயே படாது. எங்க தொழில்ல அதுதான் பெரிய விஷயம்.

கப்பலூர்_லேத் | 5 மார்ச், இரவு 8.50
1 கிலோஓம், கெப்பாசிட்டர், தனி கேபிள் போட்டாச்சு. 420-ல் நிற்கிறது, கான்டாக்டர் விழுந்தாலும் அசையலை. புதுப் பிரச்சினை: சக் மாற்றும்போது காந்தத்தைப் பின்பக்கம் கொண்டுபோனேன், இப்போ சில சுற்று விட்டுப்போகுது. காந்தம் திருப்பி ஒட்டியிருக்கா?

பேனல்_வயரிங் | 5 மார்ச், 9.10
திருப்பி ஒட்டியிருந்தால் சிலது விடாது, மொத்தமும் விடும். 3144-இன் எழுத்து இருக்கும் முகத்துக்குத் தென்துருவம்தான் வரணும். வடதுருவத்துக்கு அது அசையாது.

திருநகர்_இயற்பியல் | 5 மார்ச், 9.48
சிறு திருத்தம். வடதுருவத்தைச் சென்சாரின் முதுகுப் பக்கம் கொண்டுவந்தாலும் வேலை செய்யும். சில்லுவுக்கு வேண்டியது புலம் எந்தத் திசையில் ஊடுருவுகிறது என்பதுதான். முகத்தில் தென்துருவமும் முதுகில் வடதுருவமும் ஒரே திசை. ஆகவே காந்தத்தைப் பிய்த்து எடுக்கவேண்டாம், சென்சாரைத் திருப்பி வைத்தால் போதும்.

சில சுற்று விடுவதற்குக் காரணம் இடைவெளியாகத்தான் இருக்கும். 3144 எந்தப் புலத்தில் விழும், அதாவது ஆன் ஆகும் என்பது சென்சாருக்குச் சென்சார் மாறும் (காஸ் என்பது புலத்தின் அலகு): 70 காஸிலும் விழலாம், 350 காஸிலும் விழலாம், இரண்டுமே தயாரிப்பு வரம்புக்குள்தான். ஒரு சென்சாரில் 8 மி.மீ. இடைவெளியில் ஓடியது, புதுச் சென்சாரில் ஓடாது.

உங்கள் காந்தத்துக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன். என்35 தரம், 8 மி.மீ. விட்டம், 3 மி.மீ. தடிமன், முகத்தின் நடுவுக்கு நேர் எதிரே, காற்றில்: 2 மி.மீ. தூரத்தில் சுமார் 2,000 காஸ். 4-இல் 970. 5-இல் 680. 6-இல் 490. 8-இல் 270. 10-இல் 160. 350-க்கு இரட்டிப்பாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 5 மி.மீ. தான் எல்லை. சில்லு பிளாஸ்டிக்குக்குள் அரை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் ஆட்டம் இருந்தால் அதையும். 3 மி.மீ. வைத்தால் நிம்மதி.

பேனல்_வயரிங் | 5 மார்ச், 10.30
இந்த எண்ணெல்லாம் காற்றில். இரும்பில் ஒட்டினால் காந்தம் இழந்துவிடாதா சார்?

திருநகர்_இயற்பியல் | 5 மார்ச், 11.15
எப்படி ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தட்டையான இரும்பு முகத்தின் மேல் ஒட்டினால் முன்பக்கப் புலம் கூடும். பின்னால் உள்ள இரும்பு காந்தத்தைத் தடிமனாக்கியது போலக் காட்டும். மேலே 5 மி.மீ.-க்குச் சொன்ன 680 காஸ் ஏறத்தாழ 950-க்குப் போகும். ஆனால் இரும்பில் குழி போட்டு, காந்தத்தை விளிம்பு மட்டத்துக்குப் புதைத்தால் புலத்தில் பாதிக்கும் மேல் இழந்துபோகலாம். சுற்றியுள்ள சுவர் புலத்தை அங்கேயே திருப்பிப் பின்பக்கத்துக்கு அனுப்பிவிடும், சென்சாருக்கு வந்து சேராது. புதைத்தே ஆகவேண்டும் என்றால் குழியை 14 மி.மீ. போட்டு, பித்தளை அல்லது நைலான் புஷ் வைத்து அதற்குள் காந்தத்தை வையுங்கள்.

கப்பலூர்_லேத் | 6 மார்ச், காலை 6.55
புதைச்சுத்தான் வச்சிருக்கேன். சரியாச் சொன்னீங்க சார். நைலான் புஷ் கடைஞ்சு போடுறேன்.

பேனல்_வயரிங் | 6 மார்ச், 8.20
ஒட்டுற விஷயத்தில் இரண்டு வார்த்தை. நியோடிமியம் மேல் இருப்பது நிக்கல் பூச்சு, வழவழப்பு. ஃபெவிகுவிக் பிடித்த மாதிரி இருக்கும், கூலன்ட் பட்டு, அதிர்வு பட்டு ஒருநாள் பறக்கும். 420 சுற்றில் பறக்கிற காந்தம் யார் மேலும் படக்கூடாது. எண்ணெய் போகத் துடைத்து, எமரித்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, இரண்டு பாகம் கலக்கும் அரால்டைட்; ஒரு ராத்திரி அசைக்காமல் விடணும். பூச்சை முழுசாகச் சுரண்டி எடுக்காதீங்க, துருப்பிடித்து உதிர்ந்துவிடும். முடிந்தால் மேலே ஒரு மெல்லிய பித்தளைத் தகடு மூடி, திருகு வைத்து.

இன்னொன்று லேத்துக்கே உரியது. இரும்புத்தூள் காந்தத்தின் விளிம்பில் முள்ளு முள்ளாக நிமிர்ந்து நிற்கும். 3 மி.மீ. இடைவெளியில் அந்த முள் சென்சார் முகத்தை உரசிக்கொண்டே சுற்றும். புலமும் விளிம்புப் பக்கமாகச் சிதறும். அதனால்தான் சக் பக்கம் வேண்டாம். ஸ்பிண்டிலின் பின்முனையில், கியர் மூடிக்குள், தூள் வராத இடத்தில் வைங்க. அங்கேயும் இடம் இல்லை என்றால் ரிங்ஃபிரேம் சொன்ன பிராக்ஸிமிட்டியே உத்தமம்.

மேலூர்_பம்ப்செட் | 8 மார்ச், மாலை 5.40
இழை நல்ல இடத்துக்கு வந்திருச்சு, என் கேள்வியையும் இங்கேயே போடுறேன். சோலார் பம்புக்கு டிசி கரண்ட் பார்க்கணும், 50 ஆம்பியர் வரைக்கும். ஏசிஎஸ்712 கரண்ட் சென்சார் போர்டு 30 ஆம்பியர்தான், பத்தாது. சாதா சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) காயில் டிசி பார்க்காது. புலத்துக்கு ஏற்ப வோல்ட் மாறுற 49ஈ ஹால் சென்சாரும் பழைய ஃபெரைட் வளையமும் கையில இருக்கு. செய்யலாமா?

பேனல்_வயரிங் | 8 மார்ச், 7.15
செய்யலாம், டிசி கிளாம்ப் மீட்டருக்குள்ளும் அதேதான் இருக்கு. வளையத்தில் ஒரு இடத்தில் மட்டும் டயமண்ட் சக்கரத்தால் அறுத்து 1.5 மி.மீ. இடைவெளி விடுங்க. அறுக்கும்போது தண்ணீர் விடணும், சூடேறினால் ஃபெரைட் வெடிக்கும். 49ஈ சுமார் 1.5 மி.மீ. தடிமன், செருகினால் இறுக்கமாக நிற்கும்; போகலை என்றால் அடித்துத் திணிக்காமல் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்க. கம்பி வளையத்துக்குள் ஒருதரம் போகணும்.

கணக்கு: காஸ் = 12.57 × ஆம்பியர் × சுற்று ÷ இடைவெளி (மி.மீ.). ஒரு ஆம்பியருக்கு 8.4 காஸ். 49ஈ ஒரு காஸுக்கு 1.4 மில்லிவோல்ட், ஆக ஆம்பியருக்குச் சுமார் 12 மில்லிவோல்ட். 50 ஆம்பியருக்கு 420 காஸ், 49ஈயின் எல்லைக்குள்தான். ஆர்டுயினோவின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட் என்பதால் 0.4 ஆம்பியருக்குக் கீழே பார்க்க முடியாது. பம்புக்கு அது போதும். சின்னக் கரண்ட் பார்க்கணும்னா கம்பியை வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினால் பத்து மடங்கு.

திருநகர்_இயற்பியல் | 8 மார்ச், 9.30
1.4 என்பது சராசரி. 49ஈக்கு 1.0 முதல் 1.75 வரை இருக்கலாம், மலிவான நகல்களில் இன்னும் விரியும். கையில் உள்ள துண்டை அளந்து பார்க்காமல் எந்தக் கணக்கும் போடவேண்டாம்.

அளக்க ஒரு காயில் போதும். 20 மி.மீ. பி.வி.சி. குழாய், 10 செ.மீ. நீளத்தில் சீராக 300 சுற்று, 2 ஆம்பியர். நடுவில் 74 காஸ் இருக்கும். சென்சாரைக் குழாயின் நடுவில், அதன் முகம் குழாயின் வாயைப் பார்க்க வைத்து வோல்ட் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட்டரி முனைகளை மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 148-ஆல் வகுத்தால் உங்கள் சென்சாரின் உணர்திறன். முனை மாற்றி அளப்பதால் சென்சாரின் நடுநிலைப் பிழையும் பூமியின் புலமும் தானாகக் கழிந்துவிடும். 2 ஆம்பியரைப் பத்து விநாடிக்கு மேல் விடாதீர்கள், மெல்லிய கம்பி சூடேறும்.

சப்ளை 5.00 இல்லாமல் 4.8 ஆனால் 49ஈயின் நடுநிலையும் உணர்திறனும் அதே விகிதத்தில் இறங்கும். ஆர்டுயினோவுக்கும் சென்சாருக்கும் ஒரே சப்ளையைக் கொடுத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

மேலூர்_பம்ப்செட் | 9 மார்ச், காலை 6.10
பேனல் மொட்டை வெயில்ல நிக்குது, மே மாசம் உள்ளே கைவைக்க முடியாது. அதனால ஓடுமா?

பேனல்_வயரிங் | 9 மார்ச், 8.00
உங்க வளையத்தில் காந்தம் இல்லை, அதனால் காந்தம் தளரும் பிரச்சினை இல்லை. சென்சாரின் நடுநிலைதான் நகரும். பம்ப் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அப்போதைய வோல்ட்டைப் பூஜ்யமாகப் புரோகிராம் எடுத்துக்கொள்ளட்டும். ராத்திரி கட்டாயம் நிற்கும், பகலில் மேகம் மூடி நின்றாலும் எடுத்துக்கலாம். பெரிய கரண்ட் ஓடி நின்றபின் ஃபெரைட்டில் கொஞ்சம் காந்தம் தங்கும், அதுவும் அந்தப் பூஜ்யத்திலேயே போய்விடும்.

காந்தம் வைத்து வேலை செய்பவர்களுக்கு: ஒரு டிகிரிக்கு ஃபெரைட் காந்தம் 0.2 சதவீதம் இறங்கும், நியோடிமியம் சுமார் 0.12. முப்பது டிகிரி ஏறினால் ஆறு, நாலு சதவீதம். சுற்று எண்ண அது ஒன்றும் செய்யாது. நிலை அளக்கும் வேலையில் சேர்த்துக் கணக்குப் போடணும். சாதா நியோடிமியத்தை 80 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் திரும்பி வராத நஷ்டம்.

ஹப்மோட்டார்_சர்வீஸ் | 11 மார்ச், இரவு 10.20
எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பக்கத்திலிருந்து ஒன்று. ஹப் மோட்டாருக்குள் மூன்று ஹால் சென்சார் இருக்கும். வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்பினாலோ, தள்ளிவிட்டால்தான் ஓடும் என்றாலோ முதலில் அதைப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றக் கூடாது, புல்அப் கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. சாவி போட்டு, மல்டிமீட்டர் கறுப்பு முனை ஹால் தரையில், சிவப்பை மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் பின்பக்கமாகக் குத்தி, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பூஜ்யத்துக்கும் 5-க்கும் மாறி மாறித் துள்ளணும். ஒன்று மட்டும் அப்படியே நின்றால் அதுதான் போனது. மூன்றும் நின்றால் முதலில் சிவப்புக் கம்பியில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள், சென்சார் மேல் பழி போடவேண்டாம்.

120 டிகிரி அமைப்பில் மூன்றும் ஒரே நேரத்தில் மேலே அல்லது கீழே இருக்கவே கூடாது. மாற்றும்போது ஒன்று போயிருந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள். 3144-ஐப் போடாதீர்கள்! இங்கே வேண்டியது தென்துருவத்தில் ஒருபக்கமும் வடதுருவத்தில் மறுபக்கமும் விழும் வகை, 41எஃப் மாதிரி. 3144 போட்டால் மீட்டரில் துள்ளும், ஆனால் மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் சமமாக இருக்காது. மோட்டார் உறுமும், சூடேறும். சென்சார் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அச்சு வழியாக இறங்கும் தண்ணீரும், அச்சு ஓட்டையில் உரசித் தோல் போன ஃபேஸ் கம்பியும்தான். ஹால் கம்பி மேல் பேட்டரி வோல்ட் ஏறினால் மூன்றும் சேர்ந்து போகும். புதுசு போடும்போது அந்த ஓட்டையில் ஸ்லீவ் மாற்றாமல் மூடாதீர்கள்.

கப்பலூர்_லேத் | 12 மார்ச், இரவு 8.05
49ஈ வச்சுப் பூமியோட காந்தத்தைப் பார்க்க முடியுமான்னு பையன் கேட்கிறான்.

திருநகர்_இயற்பியல் | 12 மார்ச், 9.25
முடியாது. மதுரையில் பூமியின் புலம் சுமார் 0.4 காஸ், அதாவது 40,000 நானோடெஸ்லா. 49ஈயில் அது 0.56 மில்லிவோல்ட், ஆர்டுயினோ படியில் ஒன்பதில் ஒரு பங்கு. அதற்கு எச்.எம்.சி.5883எல் போன்ற மூன்றச்சுச் சில்லு வேண்டும். வாங்கும்போது கவனம்: அந்தப் பெயரில் விற்கும் நீலப் போர்டுகள் பலவற்றில் இருப்பது கியூ.எம்.சி. வகை. பழையதன் ஐ2சி முகவரி (ஆர்டுயினோ அதை அழைக்கும் எண்) பத்தடிமானத்தில் 30, இதற்கு 13. ரெஜிஸ்டர் வரிசையும் வேறு. போர்டு பதிலே சொல்லவில்லை என்றால் முகவரியைத் தேடிப் பாருங்கள், போர்டைத் தூக்கிப் போடவேண்டாம்.

பையனிடம் இதையும் சொல்லுங்கள். மதுரையில் காந்தச் சரிவு, அதாவது புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், ஏறத்தாழ நான்கு பாகைதான். திருநெல்வேலிக்குத் தெற்கே போனால் பூஜ்யத்தை நெருங்கும். புலம் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. அதனால் இங்கே திசைகாட்டியைப் பத்து பாகை சாய்த்துப் பிடித்தாலும் பிழை ஒரு பாகைக்குள். தில்லியில் சரிவு நாற்பது பாகைக்கும் மேல். அங்கே அதே சாய்வுக்கு எட்டுப் பத்து பாகை பிழை வரும். இணையத்தில் கிடைக்கும் சாய்வுத் திருத்தப் புரோகிராம்களில் பெரும்பாடுபடும் பகுதி நம்மூருக்குப் பெரிதாகத் தேவையில்லை. இரும்பால் வரும் திருத்தம் மட்டும் எங்கேயும் வேண்டும்: போர்டை எல்லாத் திசையிலும் உருட்டி, ஒவ்வோர் அச்சிலும் பெரியது சிறியது குறித்து, நடுவைக் கழிப்பது.

பேனல்_வயரிங் | 12 மார்ச், 10.10
மருந்தடிக்கும் டிரோனில் திசைமானி பொருத்துபவர்களும் இதைப் படிக்கணும். 40 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பியிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் 1.6 காஸ், பூமியை விட நாலு மடங்கு. 20 செ.மீ. போனாலும் பூமிக்குச் சமம். போர்டைத் தண்டு வைத்து மேலே தூக்குங்க, பேட்டரியின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோங்க. தரையில் எத்தனை தடவை திருத்தினாலும் பறக்கும்போது ஓடும் கரண்ட்டை அது பார்த்திருக்காது.

திருநகர்_இயற்பியல் | 12 மார்ச், 10.40
2023-இல் போன ஆதித்யா-எல்1 விண்கலத்திலும் இதே காரணத்துக்காகத்தான் 6 மீட்டர் நீளக் கை. காந்தமானி ஒன்று நுனியில், இன்னொன்று பாதித் தூரத்தில். இரண்டும் காட்டும் வித்தியாசத்திலிருந்து விண்கலத்தின் சொந்தக் காந்தத்தைப் பிரித்தெடுக்கலாம்.

மேட்டுநிலம் | 15 மார்ச், மாலை 4.30
நானோடெஸ்லா என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். புரோட்டான் காந்தமானியை இந்தப் பக்கத்தில் செய்து பார்க்கலாமா? செங்கல் கட்டுமானம் புதைந்திருக்கும் மேடுகளை மேலேயிருந்து பார்க்கும் ஆசை. அனுமதி உள்ள நிலத்தில்தான்.

திருநகர்_இயற்பியல் | 15 மார்ச், இரவு 9.50
செய்யலாம். வேலை நிறைய.

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, தண்ணீர் அல்லது மண்ணெண்ணெய் நிரப்பி, ஒவ்வொன்றின் மேலும் பல நூறு சுற்றுக் காயில். சில ஆம்பியரை மூன்று விநாடி ஓட்டினால் புரோட்டான்கள் காயில் திசைக்குத் திரும்பும். கரண்ட்டைச் சட்டென்று துண்டித்ததும் அவை பூமியின் புலத்தைச் சுற்றி ஆடும். அந்த ஆட்டம் அதே காயிலில் மைக்ரோவோல்ட் அளவில் ஓரிரு விநாடி கேட்கும். ஒரு நானோடெஸ்லாவுக்கு 0.042576 ஹெர்ட்ஸ். மதுரையின் 40,000-க்கு 1,703 ஹெர்ட்ஸ். காயில் 40 மில்லிஹென்றி என்றால் 0.22 மைக்ரோஃபேரட் வைத்தால் அங்கே ஒத்ததிரும்.

நம்மூர்த் தொல்லை இங்கேதான். 50 ஹெர்ட்ஸின் 34-ஆவது மடங்கு 1,700. மின்கம்பிச் சத்தம் அளக்கவேண்டிய அதிர்வெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. வடிகட்டி வைத்து 3 ஹெர்ட்ஸைப் பிரிக்கப் போனால் சிக்னலும் போய்விடும்.

பேனல்_வயரிங் | 16 மார்ச், காலை 7.45
கரண்ட் கம்பியில் இரட்டைப்படை மடங்குகள் பலவீனமாகத்தான் இருக்கும் சார். ஒற்றைப்படைதான் பலம், 1,650-உம் 1,750-உம். அவை 50 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கு, நல்ல வடிகட்டி பிரிச்சிடும்.

திருநகர்_இயற்பியல் | 16 மார்ச், 8.30
சரிதான், 33-உம் 35-உம் பலம், 34 மெலிசு. ஆனால் நம் சிக்னல் மைக்ரோவோல்ட். கம்பிக்கு அருகில் மெலிசே அதைவிடப் பெரிது. அதனால் இரண்டு பாட்டில். காயில்களை எதிரெதிராகத் தொடரில் இணைக்க வேண்டும். தூரத்துக் கம்பியின் சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி வருவதால் கழிந்துவிடும். புரோட்டான் சிக்னல் கழியாது, கூடும்: திருப்பும் கரண்ட்டும் எதிரெதிராக ஓடியதால் அங்கே இரண்டு எதிர்மறையும் சேர்ந்து நேராகிவிடுகிறது. இத்தோடு உயர் அழுத்தக் கம்பியிலிருந்து சில நூறு மீட்டர் விலகி நில்லுங்கள்.

பாட்டிலின் அச்சு புலத்துக்குக் குறுக்கே இருக்க வேண்டும். இங்கே புலம் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கிறது; பாட்டிலைக் கிழக்கு மேற்காகக் கிடத்தலாம், நிமிர்த்தியும் வைக்கலாம். வடக்கு நோக்கி வைத்தால் சத்தமே வராது.

ஒரு விநாடியில் வரும் அலைகளை எண்ணினால் 23 நானோடெஸ்லாவுக்குக் கீழே தெரியாது. ஆயிரம் அலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தால் அளக்க வேண்டும். அப்போது ஒரு நானோடெஸ்லா கைக்கு எட்டும்.

ரிங்ஃபிரேம் | 16 மார்ச், மதியம் 12.40
டிரெயின், டிராம் தொல்லை பழைய கதை. பம்பாய் கொலாபா ஆய்வகத்துல காந்தம் அளந்துக்கிட்டிருந்தாங்க. நகரத்துல மின்சார டிராம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் அலிபாக்குக்கு இடம் மாத்திட்டாங்க. 1904-லிருந்து அங்கேதான்.

திருநகர்_இயற்பியல் | 16 மார்ச், இரவு 9.15
மேட்டுநிலம் அவர்களுக்கு, வயலில் இறங்கும் முன் மூன்று விஷயம்.

பகலில் சுமார் 100 கி.மீ. உயரத்தில் சரிவு பூஜ்யமாகும் காந்த நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது, எலெக்ட்ரோஜெட் என்பார்கள். நாம் அதன் பக்கத்தில் இருக்கிறோம். காலையிலிருந்து நண்பகலுக்குள் புலம் பல பத்து நானோடெஸ்லா ஏறும், நூறைத் தொடும் நாளும் உண்டு. புதைந்த செங்கல் சுவர் தருவதோ சிலவற்றிலிருந்து சில பத்து வரை. காலையில் ஒரு பாதி, மதியம் ஒரு பாதி என்று அளந்தால் வரைபடத்தில் இல்லாத சுவர் எழும். ஒரே மாதிரி இரண்டு கருவி வேண்டும். ஒன்று நிலத்தின் ஓரத்தில் அசையாமல் நின்று நிமிடத்துக்கு ஒரு அளவு எடுக்கட்டும், மற்றதிலிருந்து அதைக் கழியுங்கள்.

இரண்டாவது, சுடப்பட்ட களிமண். சூளை வெப்பத்துக்குப் போய் ஆறும்போது அன்றைய பூமியின் திசையைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. சூளை இருந்த இடத்திலேயே ஆறியதால் முழுதும் ஒரே திசை, நூறு நானோடெஸ்லாவுக்கு மேலும் காட்டும். செங்கல்லைச் சுட்டபின் எடுத்து இப்படியும் அப்படியும் அடுக்கியதால் சுவரில் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும்.

மூன்றாவதுதான் இந்தப் பகுதிக்கே உரியது, வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்து வேலை செய்தால் ஏமாற்றும். புலம் படுத்திருக்கும் ஊரில், பொருளுக்கு நேர் மேலே அளவு ஏறாது, இறங்கும். வடக்கிலும் தெற்கிலும் சற்று ஏறும். கிழக்கு மேற்காக ஓடும் சுவர் நன்றாகத் தெரியும். வடக்குத் தெற்காக ஓடும் நீளச் சுவர் நடுப்பகுதியில் தெரியவே தெரியாது, இரண்டு முனை மட்டும் காட்டும். ஆகவே வரைபடத்தில் ஒரு பக்கச் சுவர்கள் மட்டும் வந்தால், மறுபக்கம் சுவர் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

மேட்டுநிலம் | 17 மார்ச், காலை 6.20
அப்படியானால் நடக்கும் கோடுகளை எந்தத் திசையில் போடுவது?

திருநகர்_இயற்பியல் | 17 மார்ச், 7.05
வடக்குத் தெற்காக நடங்கள். கிழக்கு மேற்குச் சுவரைக் குறுக்கே கடப்பீர்கள், இறக்கமும் இரண்டு பக்க ஏற்றமும் ஒரே கோட்டில் விழும். கோட்டுக்குக் கோடு ஒரு மீட்டர், கோட்டில் அரை மீட்டருக்கு ஓர் அளவு. வடக்குத் தெற்குச் சுவருக்கு காந்தத்தை நம்பாமல் மண்ணின் மின்தடை அளவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேனல்_வயரிங் | 17 மார்ச், 7.30
பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, செல்போன், ஷூவில் உள்ள இரும்புத் தகடு எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். வண்டியை நூறு மீட்டர் தள்ளி நிறுத்துங்க. பத்து மீட்டரில் நிற்கும் காரே சில பத்து நானோடெஸ்லா காட்டும், அதுக்கு நடுவுல யாராவது எடுத்து இடம் மாத்தினா அன்றைய அளவு மொத்தமும் போச்சு.